சிவப்புக் கோடு

வக்கீல் ஹபீப் முகமது கொண்டுவந்த நகல்
நூற்றைம்பது வருஷத்துக் குத்தகைப் பத்திரம்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
காலைக்குள் தட்டிக்கொடு, ராமநாதபுரத்தில் வாய்தா.

கீழக்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் என் கடை.
கடல் இரண்டு தெரு தள்ளி;
உப்பு மட்டும் கீபோர்டு வரை வந்துபோகும்.

சேங்க் என்று அடித்தேன். அடியில் சிவப்புக் கோடு.
தேங்க்-கா என்றது கணினி.
யாருக்கு நன்றி?
மூச்சடக்கி ஒருவன் எடுத்த சங்குக்கு
துரைமார் போட்ட எழுத்து அது.

டோனி என்று அடித்தேன். மனி-யா என்றது.
காசில்லை, தோணி.
டிண்டலுக்கு டைடல் என்றது:
தண்டலைக் கேட்டால் அலையைக் காட்டுகிறது.

கானிகோபொலி.
யார் இந்த இத்தாலிக்காரன்?
மோனோபொலி-யா என்றது.
மெல்ல வாய்விட்டுப் படித்தேன்,
கானி… கோ… பொலி…
கணக்கப்பிள்ளை!
காதில் பேனாவோடு பத்திரத்திலிருந்து எழுந்து நின்றார்,
எல்லாச் சங்கையும் எண்ணியவர்.
கணினி சொன்னதும் முழுத் தப்பில்லை.

பிரிண்டருக்கு முட்டுக்கொடுத்த அகராதியை உருவினேன்.
பிரிண்டர் ஒரு பக்கம் சாய்ந்தது.
கணக்கப்பிள்ளைக்குப் பக்கத்தில்
தண்டலுக்குப் பக்கத்தில்
குட்டிக் குத்துவாள் குறி.
வழக்கொழிந்தது என்று பொருளாம்.

நாலாம் பக்கத்தில் லாகன்.
எத்தனை தரம் வாய்விட்டும்
நம்மாள் யாரும் எழவில்லை.
திரும்பி வந்து எடுக்கும் எண்ணத்தில்
மிதவை கட்டிக் கடலில் இறக்கிய சரக்கு,
என்கிறது அகராதி.
வேர், வடகடல்காரர் விரித்த வலையாக இருக்கலாம்,
உறுதியில்லை.
அதற்கும் ஒரு குத்து.

போன ஆடியில் மண்டபத்துக்குக் கிழக்கே
தெர்மாகோல் கட்டிய பொட்டலத்தைத் தூக்கினார்களே,
பேப்பர்க்காரர்களுக்குப் பெயர் கிடைக்கவில்லை.
மர்ம மூட்டை என்று போட்டார்கள்.
சொல் செத்துக் கிடக்கிறது,
சரக்கு மட்டும் மாதாமாதம் முங்கி எழுகிறது.

ஐந்தாம் பக்கம் முடிக்கும்போது வாசலில் பைக்.
"அக்கா, தண்டல்."

அகராதியில் குத்துப்பட்டவன்
தோணியை எங்கே விட்டானோ,
ஹெல்மெட் இல்லை,
இடுப்பில் பை, கையில் மஞ்சள் அட்டை.
வக்கீல் முன்பணமாய்த் தந்த நூற்றைம்பதை
அப்படியே நீட்டினேன்.
எண்ணாமல் பையில் போட்டான்.

"இன்னும் பதினேழு நாள்" என்றான்.