இருமலை எழுத வேண்டாம்

ஒரு நிமிடப் பேச்சுக்கு ஆறு ரூபாய்.
சொன்னதைச் சொன்னபடி தட்டச்சு செய்ய வேண்டும்.
சிரித்தால் அடைப்புக்குறிக்குள் சிரிப்பு,
அழுதால் மௌனம்.
இருமலை எழுத வேண்டாம் என்றார்கள்.
கும்மிடிப்பூண்டியில் அப்படிச் சொன்னால்
பாதிப் பேச்சு போய்விடும்.
சொல்லவில்லை நான். வேலை வேண்டுமே.

முதல் கோப்பு பெஞ்சலையா.
தடாவிலிருந்து சைக்கிளில் ஷிப்டுக்கு வந்தவர்.
செக்போஸ்ட்டில் அரிசி மூட்டையைத்தான் மறிப்பான்,
ஆளை எவன் மறிச்சான் என்கிறார்.
தெலுங்கில் தொடங்கி
கூலிக் கணக்கு வரும்போது தமிழுக்கு வந்து
மேஸ்திரியைத் திட்ட மறுபடி தெலுங்குக்குப் போகிறார்.
படிவத்தில் ‘மொழி’ என்று ஒரு கட்டம்.
காலியாக விட்டேன்.

ஏகவல்லி:
“இப்ப பில்லெட் அடுக்கியிருக்கான் பாரு,
அது எங்க வேர்க்கடலைக் கொல்லை.
குடுத்த காசுல மாமனார் ரேடியோ வாங்கினாரு.
ஃபாக்டரி சங்கு ஊதுற ஊதுல
அதுல ஒரு பாட்டு முழுசா கேட்டதில்ல நாங்க.”
(சிரிப்பு)
(நீண்ட சிரிப்பு)

முகாமிலிருந்து யோகராசா:
“பத்து நாளைக்கு எண்டுதான் கூட்டிக்கொண்டு வந்தவை.
இந்த ஊரில நான் பெயின்ட் அடிக்காத புகைபோக்கி இல்லை.
உச்சியில நிண்டா கடல் தெரியும்.
அந்தப் பக்கம் பாக்கிறேல்லை.”

ராம்பிரவேஷ், ரோலிங் மில்:
“இருபத்தாறு வருஷம் சார்.
நான் பழைய ஆளா, புது ஆளா,
நீங்களே எழுதிக்கோங்க.”

உலை வெடித்த வருஷம்தான் யாருக்கும் பொருந்தவில்லை.
எண்பத்தேழு என்கிறார் ஒருவர்.
தொண்ணூறு என்கிறார் அவருடைய மச்சான்.
புயலுக்கு முந்தின தீபாவளி, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருந்தது
என்கிறாள் மஸ்தானம்மா.
செத்தவர்கள் மூன்று. ஐந்து.
கம்பெனிக் கணக்கில் இரண்டு.

பதினாலாவது கோப்பு, தனகோட்டி.
பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது.
“மூணாவது ஆள் சீனையன்.
ஒடம்பு கெடைக்கல, கெடைக்க என்ன இருக்குது?
ஆனா அவன் கார்டுல
ரெண்டு மணிக்கே வெளிய போயிட்டதா பஞ்ச் ஆயிருந்துச்சு.
வெடிச்சது மூணரைக்கு.
டைம் ஆபீஸ்ல அன்னைக்குக் கோதண்டம்.
நல்ல மனுஷன்தாம்மா.
தங்கச்சி கல்யாணம் வச்சிருந்தான், பாவம்.”

பின்னால் ஓட்டினேன்.
மறுபடி குக்கர், மறுபடி அந்தப் பெயர்.
இன்னொரு தரம்.

அத்தை கல்யாணத்துக்கு எனக்குத் தைத்த
பச்சைப் பாவாடை நினைவிருக்கிறது.
ஜரிகை இடுப்பில் குத்தும்.

ஹெட்போனைக் கழற்றினால்
பக்கத்து அறையில் கோதண்டம் நகம் வெட்டும் சத்தம்.
வேலையை விட்டுப் பதினேழு வருஷம் ஆகிறது.
யார் வாசற்படி தாண்டினாலும்
இன்றும் கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாக மணி சொல்வார்.
பால்காரன்: ஐந்து ஐம்பது.
நான், பஸ் தவறிய நாளில்: எட்டு இருபத்திரண்டு.
அது ஒரு வியாதி என்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

பதினைந்தாவது கோப்பும் வந்திருந்தது.
பேச மாட்டேன் என்றுதான் வீட்டில் சொன்னார்.
எப்போது போய்ப் பேசினார், தெரியாது.

பெயர்?
“கோதண்டம். டைம் ஆபீஸ்.”
உலை வெடித்த அன்றைக்கு நீங்கள்?

மின்விசிறி.
எங்கோ சூளூர்பேட்டை லோக்கல் கடக்கிறது.
அப்புறம் அது மட்டும்தான்,
அடிவயிற்றிலிருந்து, நிறுத்தி நிறுத்தி.

நேரம் போட்டு எழுதினேன்.
0:52 இருமல்.
1:30 இருமல்.
2:07 இருமல், நாற்காலி நகர்கிறது.
3:40 தண்ணீர்.
3:58 இருமல்.

நாலு நிமிடம் பதினொரு நொடி.
நொடிகளுக்குக் காசு கிடையாது.
இருபத்து நாலு ரூபாய்.

பதினாலையும் பதினைந்தையும்
ஒன்றாக அனுப்பிவிட்டு வெளியே வந்தேன்.
நிமிர்ந்து சுவரைப் பார்த்து
“பதினொண்ணே கால்” என்றார்.
யாரும் கேட்கவில்லை.