இருபத்தைந்தாவது நிமிடம்

ஒரே படம். என்னிடம் மூன்று வட்டு.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டு எதிரே வாங்கியது ஒன்று.
நாயகி அரசலாற்றுப் பாலத்தில் நடந்து வரும்போது
அவள் தலைக்கு மேலே, வானத்தில்,
கடைக்காரரின் செல்போன் எண் ஊர்ந்து போகும்.
அன்றைக்கு நல்ல கருமேகம்.
ஒவ்வொரு எண்ணும் பளிச்சென்று தெரியும்.

கிள்ளானிலிருந்து மைமூன் கொண்டுவந்தது அடுத்தது,
தைலப் புட்டிகளுக்கு நடுவே, துண்டில் சுற்றி.
அதில் கத்தியை ஓங்குவார்கள்,
உடனே மறுநாள் காலை.
அங்கே எவரோ ஒரு தணிக்கை அதிகாரி
அவனைச் சாகவிடவில்லை.
பிறகு எதற்கு அந்தப் பெண் வெள்ளைப் புடவையில் வருகிறாள் என்று
மைமூன் மகன் இன்னும் கேட்கிறான்.

பாரீசிலிருந்து அந்துவான் அனுப்பியது மூன்றாவது.
அட்டையில் தமிழே கிடையாது.
"போயிட்டு வர்றேன்" என்று நாயகன் படி இறங்க
கீழே பிரெஞ்சில் வெறும் "போகிறேன்".
வருவதற்கு இடம் பற்றவில்லை போல.

இந்த வட்டு ஆறு நிமிடம் குட்டை.
இரண்டு ராத்திரி உட்கார்ந்து
காட்சிக்குக் காட்சி நோட்டில் குறித்தேன்.
ஒரு வெட்டு இல்லை.
அப்புறம்தான் பிடிபட்டது:
இங்கே நொடிக்கு இருபத்துநாலு படம்,
அங்கே இருபத்தைந்து.
எல்லாரும் ஒரு பிசிறு வேகமாக நடக்கிறார்கள்.
நாயகி குரல் அரைக்கட்டை ஏறிக் கிடக்கிறது.
அரசலாறுகூட
ஏதோ ரயிலைப் பிடிக்கிற மாதிரி கடலுக்குப் போகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில்
ஒன்று ரெண்டு மூன்று சொல்லி
அங்கே அவனும் இங்கே நானும் சேர்ந்து பட்டனை அழுத்தினோம்.
அரை மணிக்குள் அவன் படம்
என் காதுக்குள் முந்திக்கொண்டு பேசத் தொடங்கியது.
அவன் மூக்கை உறிஞ்சினான்.
என் டிவியில் அவர்கள் இன்னும்
கல்யாணத்துக்குத் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
"சொல்லித் தொலையாதடா" என்றேன்,
இருபது தடவை பார்த்த படத்துக்கு.

அதன்பிறகு ஓர் ஏற்பாடு.
அவன் கணக்கில் இருபத்துநாலு நிமிடம் ஓடியதும்
நிறுத்திவிட்டு
ஒரு நிமிடம் எனக்காகக் காத்திருப்பான்.
என் படம் ஓடும். அவன் பேசுவான்.

முதல் நிறுத்தத்தில்
லிப்ட் ரிப்பேர், ஆறு மாடி ஏறினேன் என்றான்.
இரண்டாவதில் முட்டை விலை.
மூன்றாவதில், மார்ச்சிலிருந்து வேலை இல்லை மாப்ளே.
நான் ரிமோட்டைத் தேடினேன்,
ஒலியைக் குறைக்க.
ஐந்தாவதில் ஒன்றும் சொல்லவில்லை.
மூச்சு மட்டும், அதற்குப் பின்னால்
யாரோ பக்கத்து வீட்டுக் குழாயைத் திறந்து மூடினார்கள்.
பாலத்தில் யாரோ நடந்தார்கள், எண்கள் ஊர்ந்தன,
நான் பார்க்கவில்லை.

அவனோடு பார்த்ததற்கென்று நோட்டில்
நான்காவதாக ஒரு பத்தி போட்டிருக்கிறேன்.
அதில் ஆறு இடம் காலி.
லீவுக்கு வந்த மைமூன் புரட்டிப் பார்த்துவிட்டு
"இது எந்த ஊரு வட்டு?
இவ்வளவு வெட்டியிருக்காங்க" என்கிறாள்.