முப்பத்தெட்டாவது பெட்டி

காற்றாலைகளுக்குக் கீழேதான் எங்கள் ஆபீஸ்.
ஆரல்வாய்மொழியில் காற்றுக்குப் பஞ்சமில்லை,
கரண்ட் மட்டும் போய்ப்போய் வரும்.
போன் நெட்டில் அன்றும் தட்டினேன்:
பெட்டி முப்பத்தெட்டு. எடை முந்நூற்று நாலு.
சரக்கு, பிச்சிப்பூ, மொட்டு. போகுமிடம் ஷார்ஜா.

சுங்கத்தின் கம்ப்யூட்டர் என்னை உள்ளே விடாது.
லைசென்ஸ் இல்லாத ஃபார்வர்டர் நாங்கள்.
சாவி, எண்பது கிலோமீட்டர் தள்ளி
வலியதுறையில் பிரசன்னனிடம் இருக்கிறது,
கட்டைவிரல் நீளத்தில், சட்டைப்பையில்.
நான் தட்டியது அவர் கையொப்பமாக உள்ளே போகும்.
கை ஒருத்தருடையது,
ஒப்பம் இன்னொருத்தருடையது.

ஆறு வருசப் பழக்கம். முகம் தெரியாது.
வாட்ஸாப் படத்தில் ஒரு பலாப்பழம்.

தோவாளையில் லோடு ஏற்றும்போது
ஒரு பெட்டி விரிந்து ஐஸ் தண்ணி ஒழுகியது.
ஈனோஸ் அதை இறக்கி வைத்தான்.
என்னிடம் சொல்லவில்லை என்றுதான் முதலில் கத்தினேன்.
சொல்லியிருந்தான். நான் அப்போது
ஒரு கையில் போன், ஒரு கையில் தோசை.

ராத்திரி எட்டே முக்காலுக்கு விமானம்.
ஆறு மணிக்கு எண்ணினார்கள்.
முப்பத்தேழு.

லைன் கட்டாகவில்லை. அவர் பைக்குள்ளிருந்து
எல்லாம் கேட்டது: ட்ராலிச் சத்தம்,
ஆபீசர் ஏதோ அதட்டுவது,
பிறகு, சின்னக் குரலில்,
"என்றெ தெற்றாணு சாறே."

என் தப்பு என்கிறார்.
என் தப்பை.

திருத்தம் போட்டு, பணம் கட்டி,
மறுபடி எடைபோட்டு, ஏழரைக்குத் தாண்டியது.
அபராதம் எவ்வளவு, அவர் பேருக்கு நேரே
என்ன எழுதினார்கள், இதுவரை சொல்லவில்லை.
நன்றி சொல்லக் கூப்பிட்டேன்.
"பில்லில் ஞானல்லே" என்றார்.

நானில்லையா என்று கேட்கிறார்,
மலையாளம் அப்படித்தான்.
தமிழ்க் காதில் அது
நானில்லை என்றும் விழுந்தது.
இரண்டும் சரிதான்.

ஷட்டர் இறக்கப் போகையில் பார்த்தேன்,
ஈனோஸ் அதை என் மேசைக்கடியில் வைத்திருந்தான்.
கரண்ட் இன்னும் வரவில்லை.
எந்தப் பில்லிலும் இல்லாத எட்டு கிலோ
இருட்டுக்குள் அவிழ்ந்துகொண்டிருந்தது.
ஒருவாரம் ஃபைல்களெல்லாம் மணத்தன.