கேட்காத தேதி

பத்து ரூபாய் வில்லை ஒட்டி
முதல் மனுவை எழுதியது
அஸ்தம்பட்டி ஜெராக்ஸ் கடையில், நின்றபடி.
பறக்கும் தட்டு என்றால் சிரிப்பார்கள் என
மாதேஸ்வரி அதை அடித்துவிட்டு
அடையாளம் தெரியாத ஒளி என்று மாற்றினாள்.
அப்போதும் சிரித்தார்கள்.

அவள் இயக்குநர்.
கல்யாண வீடியோக்களில் மொய்க் காட்சிகளை வெட்டி வெட்டி
வாங்கிய கேமரா.
அதைத் தூக்குவது எபிநேசர்.
நான் ஒலி.
ஆகவே என் சாட்சியம் கொஞ்சம் கோணலானது:

அக்டோபர் பதினொன்று, இரவு இரண்டு பத்து,
பகோடா பாயிண்டுக்குக் கீழே, காக்கம்பாடி போகும் வழி.
ஹெட்போனுக்குள் இரைந்துகொண்டிருந்த
சில்வண்டுகள் அத்தனையும்
ஒரே நொடியில் நின்றன.
நான்கு நிமிடம் பதினேழு நொடி.
நிமிர்ந்து பார்த்தாயா என்று எல்லோரும் கேட்கிறார்கள்.
இல்லை.
மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முள் படுத்துக் கிடந்தது.

எபிநேசர் பார்த்தான்.
அவன் கை நடுங்கியதில் தேறியது பதினோரு நொடி:
சில்வர் ஓக் உச்சிகளுக்கு மேலே
துடைக்க மறந்த லென்சில் படிந்ததுபோல்
ஓர் ஆரஞ்சுக் கறை.

மனு நடந்தது.
ஆட்சியர் அலுவலகம் வனத்துறைக்கு அனுப்பியது.
காட்டுக்கு மேலே இருப்பது எங்களுடையதல்ல
என்றது வனத்துறை.
கனிமவளம், பாக்சைட் தோண்டியது மட்டும் தெரியும் என்றது.
காமலாபுரம் விமான நிலையத்தில்
அந்த நேரத்துக்கு விமானமே இல்லை என்றார்கள்.
இருந்திருந்தால் நாங்கள் ஏன் கேட்கப்போகிறோம்?

எனக்கு அது எதுவாக இருந்தாலும் சம்மதம்.
இரும்பாலைச் சிவப்பு மேகத்தில் பட்டுத் திரும்பியிருக்கலாம்.
எவனோ ட்ரோன் விட்டிருக்கலாம்.
அதை ஒரு தாளில் எழுதி
கீழே ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்,
சட்டம் போட்டு வீட்டில் மாட்டிக்கொள்கிறேன்.

மேல்முறையீட்டுக்கு ஒரு பதில் வந்தது.
ஒற்றைப் பக்கம். கடைசி வரி மடிப்பில் விழுந்திருந்தது.

*தாங்கள் மார்ச் மூன்றாம் தேதி நிகழ்வு குறித்துக்
கோரிய தகவலை, பிரிவு எட்டின்படி
வழங்க இயலாது.*

மாதேஸ்வரி இரண்டு தரம் படித்தாள்.
பிறகு எங்கள் மனுவை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள்.
அக்டோபர். பதினொன்று.
மார்ச் என்ற சொல்லே அதில் இல்லை.
டீ ஆடை கட்டி ஆறிப்போனது.
"மார்ச்ல என்னடா நடந்துச்சு?" என்றாள்,
எங்களிடம் அல்ல, அந்தத் தாளிடம்.

அன்றே மலையேறினோம்.
இருபது கொண்டை ஊசியிலும் யாரும் பேசவில்லை.
நாகலூர் தாண்டி, மிளகு காயப்போடும் களத்தில்
ஆண்டியப்பன் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார்.
மார்ச்சில் அறுப்பு; ராத்திரிக் காவல் அவர்தான்.

"பாத்தமே. ஊரே பாத்துச்சு.
மறுநாளு ஜீப்பு வந்துச்சுங்க.
வரிசையா நிக்க வெச்சு
ஆளுக்கொரு கைநாட்டு வாங்கிட்டுப் போனாங்க."
எதற்குக் கைநாட்டு?
ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டார்.
"ஒண்ணும் பாக்கலன்னு."

எத்தனை பேர்?
"முப்பத்தெட்டு. கைக்குழந்தைய விட்டுட்டாங்க."

எபிநேசர் கேமராவைத் தாழ்த்தி
அவருடைய பெருவிரலில் நிறுத்தினான்.
மிளகுக் கறை. அதற்கடியில்
மை இருந்ததா என்பது படத்தில் தெரியவில்லை.

இன்று காலை அதே அலுவலகம், அதே மேசை.
மனுவில் வானம் இல்லை, ஒளி இல்லை:
மார்ச் நான்காம் தேதி
எதையும் பார்க்காத முப்பத்தெட்டு பேரின்
கைநாட்டு நகல்கள் வேண்டும்,
பக்கத்துக்கு இரண்டு ரூபாய் செலுத்தத் தயார்.

எழுத்தர் படித்தார்.
மறுபடி முதலிலிருந்து படித்தார்.
எழுந்து போய் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.
சட்டைக்குள் மைக் வைத்திருந்தேன்.
ஃபேன், வெளியே பஸ் ஹாரன், யாரோ இருமல்,
பிறகு எதுவும் இல்லாத ஒரு நீளம்.
முள் படுத்துக்கொண்டது.

அப்புறம் முத்திரை விழுந்தது.