மறைக்க வேண்டியவை

களக்காட்டுக்குத் தெற்கே நடுநிலைப் பள்ளி,
எட்டாம் வகுப்பு ஆ பிரிவு.
நாளைக்கு இது வாக்குச்சாவடி.
நான் தலைமை அலுவலர்,
மற்ற நாட்களில் பாளையங்கோட்டைக் கருவூலத்தில்.

கரும்பலகை முழுக்கக் கர்ணன்.
கிருஷ்ணாபுரத்துக்கு டூர் போய் வந்த வகுப்பாக இருக்கும்.
அங்கே தூணில் நாகாஸ்திரத்தோடு நிற்பான்.
இங்கே அம்பு இல்லை.
வலது கையை விரித்து நீட்டியிருக்கிறான்,
கொடுக்கிற கையா வாங்குகிற கையா
சாக்பீஸில் தெரியவில்லை.
தலைக்குப் பின்னால் மஞ்சளில் சூரியன்.
கீழே ஓரத்தில்: வண்டிமலைச்சி.
இனிஷியல் இல்லை.

சாயங்காலம் மண்டல அலுவலர் ஜீப்பில் வந்தார்.
"என்ன சார் இது, சின்னம்லா இருக்கு."
"கர்ணன் சார். அது அவங்க அய்யா."
"யாருக்கு அய்யாவா இருந்தா என்ன, அழிங்க."
டஸ்டரை எடுத்து நீட்டினார்.
எனக்கு மனசு வரவில்லை.
கவர் ஒட்டத் தந்த பசையை
முந்தாநாள் தினசரியில் தடவிச்
சூரியனை மூடினேன்.
வாசல் வரை போனவர் திரும்பி,
"கையும்" என்றார்.
"குண்டலம் இருக்கலாமா சார்?"
பட்டியலைப் புரட்டிப் பார்த்தார்.
சுயேச்சைகளில்
கம்மல் யாருக்கும் கொடுக்கவில்லை.

ராத்திரி மலைக்காற்றுக்குப் பேப்பர் படபடத்தது.
அப்பனும் இல்லாமல் கையும் இல்லாமல்
காது மட்டும் மிச்சமாய் அவன்
எங்கள் நாலு பேர் குறட்டையைக்
கேட்டுக்கொண்டு நின்றான்.

மறுநாள் எழுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு.
பீடி இலை மணக்கிற விரல்களில் மை வைத்தோம்.
ஒருத்தி மட்டும் மிஷினுக்குப் போகாமல்
பலகை முன்னால் நின்றாள்.
"எம் மவ போட்ட படம். தப்பாப் போட்டுட்டாளாய்யா?"
இல்லம்மா, சரியாப் போட்டதுதான்
என்று ஆரம்பித்தேன்.
ஏஜெண்டுகள் ஐந்து பேரும் நிமிர்ந்தார்கள்.
"அங்கிட்டுப் போங்கம்மா, வரிசை நிக்குது."

எல்லாம் சீல் வைத்து முடித்தபிறகு
பேப்பரை உரித்தேன்.
கை பேப்பரோடு வந்துவிட்டது.
சூரியனும் வந்துவிட்டான்,
நகைக்கடை விளம்பரத்தின் மேல் ஈரமாய், மஞ்சளாய்.
இந்திரன்கூடக்
கேட்டுத்தான் வாங்கினான்.

மேசை டிராயரில் சாக்பீஸ் டப்பா.
கிளறினேன். எல்லாம் வெள்ளை.
ஒரு வட்டம் போட்டுப் பார்த்தேன்.
நிலா மாதிரி இருந்தது.
உள்ளங்கையால் அதை அழித்துக்கொண்டிருக்கையில்
பெட்டி ஏற்ற வந்த லாரிக்காரர்
இரண்டாம் தடவை ஹாரன் அடித்தார்.