முப்பத்தொரு கிராம்

மஞ்சள் அட்டையில் என் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள்.
பஸ் நிலையத்தில் நின்று இரண்டாம் முறை வாசிக்கையில்
ஒரு மான் வந்து அட்டையின் மூலையைக் கடித்தது.
இந்த ஊர் மான்கள் எதையும் தின்னும்:
வடை சுற்றிய கடதாசி, தேர்தல் நோட்டீஸ்,
'தீர்வை செலுத்திப் பெற்றுக்கொள்ளவும்.'
பிடுங்கி எடுத்தபோது
தொகையின் கடைசிப் பூச்சியம் ஈரமாகியிருந்தது.
அழியவில்லை.

சீனக்குடா மா ஆலையில் லொறி நிறுக்கிறவன் நான்.
ரூபாய் கண்ணெதிரே உருகிய வருஷம்
பெற்றோல் வரிசையில் மூன்று இரவு படுத்தெழும்பி
வெள்ளி வாங்கப் பழகினேன்.
வருஷத்துக்கு ஒரு நாணயம். அவ்வளவுதான் ஏலும்.
பவுன் வாங்கினால் கழுத்துக்குப் போகும்,
கழுத்திலிருந்து வங்கிக்குப் போகும்.
வெள்ளியை யாரும் இரவல் கேட்கமாட்டார்கள்.

ஜேர்மனியில் இருந்து விற்பவன் நல்லவன்.
அன்பளிப்பு என்று எழுதவா,
பெறுமதி பத்து யூரோ என்று போடவா,
எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள் என்றான்.
அன்று பின்னேரம்தான் கந்தளாய்ச் சாரதி ஒருவன்
'ஐம்பது கிலோவைக் காணாமல் விடுங்கோ அண்ணை' என்று
என் மேசையில் சிகரெட் பெட்டி வைத்திருந்தான்.
அதைத் தள்ளிவிட்ட விரலால்
இதற்கு 'ஓம்' என்று எப்படித் தட்டுவது?
உள்ளதை எழுது என்றேன்.

சுங்க உத்தியோகத்தர் வரோதயன் மரியாதையானவர்.
கதிரை தந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.
'எல்லாரும் குறைச்சுத்தான் எழுதுவினம், ஐயா.
அப்ப நீங்களும் குறைச்சுத்தான் எழுதியிருப்பீங்கள்.
நாங்கள் கொஞ்சம் கூட்டித்தான் பார்ப்பம்.'
கூட்டிப் பார்த்தார்.
அதன்மேல் தீர்வை,
தீர்வை ஏறிய தொகையின்மேல் வற்,
கடல் கடந்த தபாற்செலவுக்கும் வரி,
பார்சலைத் திறந்து பார்த்ததற்கு ஒரு கூலி,
திரும்ப ஒட்டினதற்கு இன்னொன்று.
'இது காசுதானே, காசுக்குமா வரி?'
'இதைக் குடுத்துத் தேத்தண்ணி குடிக்க ஏலுமா?'
ஏலாது.
'அப்ப இது சாமான்.'

கையில் இருந்தது பாதிக்கும் காணவில்லை.
அட்டையில் நாள் ஓடிக்கொண்டிருந்தது;
பிந்தினால் கிடங்குக் கூலி.
வீட்டுக்குப் போய் முதலாவது நாணயத்தை எடுத்தேன்,
கப்பல் பொறித்தது,
விரல் ரேகை படாமல் விளிம்பில் பிடித்து
வருஷக்கணக்காய்ப் பார்த்தது.
மத்திய வீதிப் பத்தர் அதைப் பாயின் மேல் போட்டு
அரத்தால் ஒரு இழுப்பு.
பாய்மரம் போன இடத்தில் அமிலத்துளி சிவந்தது.
'சுத்தம்' என்றார்.
உருக்கு விலைதான் தருவேன் என்றார்.
கப்பலுக்கு விலை கேட்டேன். சிரித்தார்.

புதியதை மேசையில் வைத்தபோது
தவச்செல்வி சோற்றுக் கையோடு எண்ணிப் பார்த்தாள்.
'மூண்டு இருந்தது.
ஒண்டு வாங்கினீங்கள்.
இப்பவும் மூண்டு.'
நிறுவையில் பிழை பிடிக்கலாம்,
அவளின் கணக்கில் பிடிக்க முடியவில்லை.

இரவு வேலை. மழை.
குடாவில் கோதுமைக் கப்பலொன்று
எல்லா விளக்கையும் எரித்துக்கொண்டு நிற்கிறது.
இரண்டு மணிவரை லொறி இல்லை.
அறுபது தொன் தாங்கும் தராசின் நடுவில்
நாணயத்தை வைத்துவிட்டு வந்து
பலகையின் சிவப்பு எண்ணைப் பார்த்தேன்.
பூச்சியம்.
பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதையும்
அதற்குத் தெரியாது.

எடுக்கப் போனவன்
நாணயத்தைப் பொக்கற்றில் போட்டபடி
அங்கேயே ஏறி நின்று திரும்பிப் பார்த்தேன்.
எழுபது.
கிளினிக்கில் நான் அறுபத்தேழு.
இதுவும் கொஞ்சம் கூட்டித்தான் பார்க்கிறது.

வாசலில் ஹோர்ன் அடித்தது,
கந்தளாய் லொறி.