அரைப் பேர்

பத்தாம் தேதி சம்பளத் துண்டு.
மேல்பிரிவு, செக்ரோல் இலக்கம் 212, புவனலெட்சுமி.
வேலை நாள்: இருபத்தொன்று.
நாட்சம்பளம்: பதினேழாயிரத்து ஐந்நூறு.
அதற்குக் கீழே கழிவுகள்,
அரிசி, மாவு, சங்கச் சந்தா, திருவிழாக் காசு.
அது வேறு கணக்கு, இன்றைக்கு வேண்டாம்.

துண்டின் பின்பக்கம் வெள்ளை.
டிசம்பரில் சாதாரண தரம், கணிதம் மட்டும்,
மூன்றாம் தடவை.
கொப்பி தீர்ந்துபோனதால் அதிலேயே எழுதினேன்.

கொழுந்து பதினெட்டுக் கிலோ வந்தால் முழுப் பேர், ஆயிரம்.
குறைந்தால் அரைப் பேர், ஐந்நூறு.
முழுப் பேர் விழுந்த நாட்கள் x என்க.
அரைப் பேர் y.

x + y = 21.
1000x + 500y = 17500.
இரண்டாவதை ஐந்நூறால் வகுத்தேன்:
2x + y = 35.
மேலே ஒரு y, கீழே ஒரு y.
கீழதிலிருந்து மேலதைக் கழித்ததும்
உப்புப் பட்ட அட்டை மாதிரி
y கழன்று விழுந்தது.
x = 14.
பிரதியிட்டேன். y = 7.

பயிற்சிப் புத்தகத்தில் இந்த இடத்தோடு முடிந்துவிடும்.
தோடம்பழமும் மாம்பழமும் வாங்கியவன்
விலை தெரிந்த நிம்மதியில் பையோடு போய்விடுவான்.
நான் ஏழைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அரைப் பேர் என்றால் எந்த அரை?
புவனமா, லெட்சுமியா?
ஐந்நூறு குறைவதைப் பார்த்தால்
லெட்சுமியைத்தான் வெட்டியிருப்பார்கள்.

சுவரில் மஸ்கெலியா நகைக்கடைக் கலண்டர்.
முழு நாளுக்கு வட்டம் போடுவேன், அரை நாளுக்குப் பிறை,
போகாத நாளுக்கு ஒன்றுமில்லை.
எண்ணினேன். கரண்ட் போனது.
போன் வெளிச்சத்தில் மறுபடியும் எண்ணினேன்.
வட்டம் பதினேழு. பிறை நாலு.
கூட்டினால் அதே இருபத்தொன்று.
முதல் சமன்பாடு என்னை நம்புகிறது.
இரண்டாவது நம்பவில்லை.

மூன்று நாள். நாளுக்கு ஐந்நூறு.
மூன்றும் மழை நாட்களாக இருக்கும்.
தராசு முள் இருபதில் நின்றதைப் பார்த்துவிட்டுத்தான்
வீட்டுக்கு வந்து வட்டம் போட்டேன்.
ஈரத்துக்கென்று எத்தனை கிலோ வெட்டினார்கள்,
புத்தகத்தில் என்ன விழுந்தது,
அது எனக்குத் தெரியாது.

காலையில் செக்ரோல் ஆபிஸ் ஜன்னல்.
கிளாக்கர் துண்டைத் திருப்பினார், திரும்பவும் திருப்பினார்.
"இந்த எக்ஸ் யாரும்மா?
நம்ம பிரிவுல அப்படி ஆள் இல்லையே."
வரிசையில் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.
"பதினாலு போட்டிருக்கீங்க, சேர். பதினேழு வரணும்.
என் கலண்டர் இருக்கு."
அவர் பேனாவுக்கு மூடி போட்டார்.
புத்தகம் பார்க்கணும்,
துரை வரணும்,
திங்கட்கிழமை.

அன்றைக்கு நாலாம் நம்பர் மலையில்
தேயிலைக்கு மேலாகக் கையை நீட்டினாள் தவமலர்.
ரவிக்கைக்குள் மடித்து வைத்திருந்த துண்டு.
"எனக்கும் ரெண்டு தெரியாதது கெடக்கு, பாரு."

வியர்வையோ மழையோ, ஊறிப்போயிருந்தது.
மொத்தத்தில் நடு இலக்கம்
ஒன்றா ஏழா, பிடிபடவில்லை.
தெரியாக் கணியம் மூன்று, தவமலர்.
சமன்பாடு இரண்டுதான்.

அவள் கூடையை இறக்கவில்லை.
"அப்ப இன்னொன்ன கேட்டு வாங்குவோம்"
என்றுவிட்டு அடுத்த நிரைக்கு ஏறினாள்.